என் புல்வெட்டி ரோபோவும் அறுந்துபோன எல்லைக் கம்பியும்

ரோபோ புல்தரையில் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம் அது நடந்தது. நான் உள்ளே மேஜையில் சாலிடரிங் செய்துகொண்டிருந்தேன். வெளியே அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பிளேடு சுற்றும் அந்த மெல்லிய ரீங்காரம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று சத்தம் மாறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், புல்தரையைச் சுற்றிப் போட்டிருந்த எல்லைக் கம்பியைத் தாண்டி, நாற்று நட்டிருந்த பாத்திக்குள் புகுந்து, தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கிழித்துவிட்டு, இன்னும் முன்னே போக முயன்றுகொண்டிருந்தது. பிளேடு சுற்றியபடியே இருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாத்தி ஓரத்தில் மண்ணைக் கிளறியபோது மண்வெட்டி பட்டு எல்லைக் கம்பி அறுந்திருந்தது. அறுந்தது பெரிய விஷயமில்லை, கம்பி என்றால் ஒருநாள் அறுந்துதான் போகும். அறுந்தபோது என் ரோபோ என்ன நினைத்தது என்பதுதான் விஷயம். சிக்னல் பலமாக வந்தால் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், திரும்பு. சிக்னல் பலவீனமாக இருந்தால் கம்பியை விட்டுத் தூரத்தில், தரையின் நடுவில் பத்திரமாக இருக்கிறோம், போய்க்கொண்டே இரு. நான் எழுதிக் கொடுத்த புத்தி இதுதான். கம்பி அறுந்ததும் சிக்னல் சுத்தமாக நின்றுபோனது. ரோபோவைப் பொறுத்தவரை அதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே இல்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். இந்தப் பதிவு அந்த இரண்டாவது முறை கட்டியதைப் பற்றியது. யாராவது இதே வேலையில் இறங்கப் போகிறீர்கள் என்றால், முதல்முறை நான் செய்ததைச் செய்யாமல் நேராக இங்கே வந்துவிடலாம்.

முதலில் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. புல்தரையைச் சுற்றி ஒரே கம்பியை வளையமாகப் போட்டு, இரண்டு முனைகளையும் ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து, அதில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி வட்டமாகக் காந்தப்புலம் உண்டாகும். வட்டம் என்பதால் கம்பிக்கு ஒரு பக்கம் அது மேல்நோக்கியும், மறுபக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். நேர் மேலே நின்றால் செங்குத்துப் பகுதி பூஜ்யம். ரோபோவின் மூக்கில் ஒரு காயிலை, அதாவது கம்பிச் சுருளை, அதன் சுற்றுகள் தரைக்கு இணையாக இருக்கும்படி படுக்கவைத்தால், அது இந்தச் செங்குத்துப் பகுதியை மட்டும் உணரும். அதாவது கம்பிக்கு உள்ளே ஒரு திசை, வெளியே எதிர்த் திசை.

புலத்தின் அளவு ரொம்பச் சின்னது. நேரான கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தூரத்தில் கிடைப்பது 0.2 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் பூமியின் புலம் மாறுவதில்லை, காயில் மாற்றத்தை மட்டுமே உணரும், அதனால் அது குறுக்கே வருவதில்லை. குறுக்கே வருவது நம்முடைய சொந்த மோட்டார்கள்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் முறை நான் கட்டியது பலரும் கட்டுகிற எளிய சுற்று. 555 என்ற டைமர் ஐசியில் ஒரு அலையை உண்டாக்கிக் கம்பியில் அனுப்புவது. ரோபோவில் 1 மில்லிஹென்ரி காயிலும் 22 நானோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 34 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதை எல்எம்324 ஆம்ப்ளிஃபையரில் பெரிதாக்கி, டயோடு வைத்து நேராக்கி, எவ்வளவு பலம் என்று ஒரே ஒரு எண்ணாக, ரோபோவின் மூளையான அர்டுயினோ பலகைக்குக் கொடுப்பது. ஒரு மாலையில் கட்டி முடித்துவிடலாம், கம்பிக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே அது உணர ஆரம்பிப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் டயோடு வைத்து நேராக்கும் அந்த ஒரு படியிலேயே திசை தொலைந்துவிடுகிறது. மேல்நோக்கிய 5-ம் கீழ்நோக்கிய 5-ம் ஒரே 5 ஆகிவிடும். ஈரமான புல்லில் ஒருமுறை சறுக்கிக் கம்பியைத் தாண்டிவிட்டால், அப்புறம் வெளியே இருந்தபடியே கம்பியைக் கண்டு "எல்லை வந்துவிட்டது" என்று திரும்பி, மேலும் வெளியே போகும். பலத்தை மட்டும் அளக்கும் எந்தச் சுற்றுக்கும் இந்தக் கதிதான். பிளேடு வைக்காத பொம்மைக்கு அது போதும், பிளேடு வைத்த எதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இரண்டாம் முறை, தொடர்ந்து ஓடும் அலையை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட வரிசையில் வரும் துடிப்புகளை அனுப்பினேன். ஆர்டுமோவர் என்ற திறந்த திட்டம் இப்படித்தான் செய்கிறது, அதன் நிரலைப் படித்துத்தான் எனக்கே இது விளங்கியது. யோசனை ரேடாரிலிருந்து வந்தது. பார்க்கர் குறியீடு என்று ஒரு வகை வரிசை உண்டு. அதில் மிக நீளமானது 13 துடிப்புகள் கொண்டது. ஐந்து நேர், இரண்டு எதிர், இரண்டு நேர், பிறகு எதிர், நேர், எதிர், நேர். இந்த வரிசையை அதன் மேலேயே வைத்துப் பொருத்திக் கூட்டினால், சரியாகப் பொருந்தும் இடத்தில் 13 வரும், ஒரு படி தள்ளி வைத்தால் 1 அல்லது பூஜ்யம்தான் வரும். இரைச்சலுக்கு நடுவில் இருந்தாலும் இந்த 13 துருத்திக்கொண்டு நிற்கும். கம்பிக்கு உள்ளே +13 என்றால், வெளியே புலம் தலைகீழாவதால் −13. ஒரே கணக்கில் "உள்ளேயா வெளியேயா" என்பதும், "நான் கேட்பது என் சிக்னல்தானா" என்பதும் தெரிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது கேள்விதான்.

இதில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்ல வேண்டும். கம்பியில் அனுப்பும் துடிப்பு சதுரமாக இருக்கும், ஆனால் காயிலில் வருவது சதுரமாக இருக்காது. காயில் உணர்வது புலத்தை இல்லை, புலம் மாறும் வேகத்தை. அதனால் துடிப்பு மாறும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு கூர்மையான முள் மாதிரி வரும், நடுவில் ஒன்றும் இருக்காது. அனுப்பிய வரிசையை அப்படியே வைத்துப் பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அடுத்தடுத்த துடிப்புகளின் வித்தியாசத்தை எடுத்து அதைக் கொண்டு பொருத்த வேண்டும். இதை மாற்றியதும் அதுவரை இரைச்சலாகவே தெரிந்த எண்கள் சட்டென்று இரண்டாகப் பிரிந்து நின்றன. கையில் காயிலை வைத்துக்கொண்டு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டி, திரையில் குறி மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று நினைவில்லை.

பொருத்தத்தின் அளவை, வந்த சிக்னலின் மொத்த சக்தியால் வகுத்துவிட்டேன். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தரையின் நடுவில் சிக்னல் பலவீனமாகத்தான் இருக்கும், ஆனால் அங்கேயும் வரிசை சரியாகவே பொருந்தும். கம்பி அறுந்துவிட்டால் பலம் எப்படியோ இருக்கட்டும், மோட்டார் இரைச்சல் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், வரிசை பொருந்தாது. ஆக, "பலவீனமான சிக்னல்" வேறு, "சிக்னலே இல்லை" வேறு என்று ரோபோவுக்கு முதல்முறையாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. இப்போது விதி இதுதான்: அரை வினாடி நல்ல பொருத்தம் கிடைக்கவில்லை என்றால் சக்கரம் நிற்கும், ஒரு வினாடி கிடைக்கவில்லை என்றால் பிளேடு நிற்கும், பிறகு நான் வந்து சாவியைத் திருப்பும்வரை எதுவும் ஓடாது. வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் அரை வினாடி என்றால் 15 செ.மீ. கம்பியை ஓரத்திலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளிப் போட்டிருப்பதால் அந்தத் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது.

மோட்டார் இரைச்சலுக்கு வருகிறேன். மேஜையில் அழகாக வேலை செய்த அதே சுற்று, ரோபோவில் மாட்டிப் பிளேடு மோட்டாரை ஓடவிட்டதும் செத்துப்போனது. பிரஷ் உள்ள மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் தீப்பொறி விடுகிறது, காயிலுக்கு அது பக்கத்தில் நின்று கத்துவது போல. காயில்களை மோட்டாரிலிருந்து 40 செ.மீ. முன்னே தள்ளினேன், மோட்டாரின் இரு முனைகளுக்கும் நடுவே 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைத்தேன், மோட்டார் ஒயர்களை முறுக்கிவிட்டேன், காயில் ஒயரை ஷீல்டு உள்ளதாக மாற்றினேன். இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாக அளக்கவில்லை, ஆனால் தூரம் தள்ளியதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த மாற்றம்.

கம்பி போடுவதில் சில விஷயங்கள். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 ஓம் மின்தடைதான் காட்டும், 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் 7 ஆம்பியர் ஓடிப் பெட்டியில் கம்பிக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்று புகைந்துவிடும். நான் 10 ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து 1 ஆம்பியரில் நிறுத்தியிருக்கிறேன். தொடர்ந்து ஓடினால் அதில் 10 வாட் சூடு வரும், அதனால் பெரியதாகப் பார்த்து வாங்கி, பிளாஸ்டிக்கில் படாமல் மாட்டுங்கள். துடிப்புகளுக்கு இடையே இடைவெளி விட்டால் அதற்கேற்பச் சூடு குறையும். மூலைகளைச் சதுரமாக மடக்காமல் வளைத்துப் போடுங்கள்.

தரைக்கு நடுவே மரமோ பூச்செடியோ இருந்தால் அதைச் சுற்றித் தீவு போட வேண்டும். ஓரத்திலிருந்து கம்பியைத் தீவு வரை கொண்டுபோய், சுற்றி, வந்த வழியிலேயே பக்கத்தில் ஒட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அந்த இரட்டைக் கம்பியை ரோபோ கவனிக்காமல் தாண்டிப்போகும். ஆனால் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் எங்கேயாவது குறுக்கே ஏறிவிட்டால் தீவு தலைகீழாகி, மரம் நிற்கும் தீவின் உட்பகுதி "உள்ளே" ஆகிவிடும். அப்போது தீவு தவிர்க்க வேண்டிய இடம் என்று ரோபோ எடுத்துக்கொள்ளாது. கம்பியைப் புதைக்கும் முன், காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தீவின் உள்ளேயும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

உடல் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் இரண்டு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார் வைப்பர் மோட்டார், முன்னால் சுழலும் சின்னச் சக்கரம். வைப்பர் மோட்டாரில் வார்ம் கியர் இருப்பதால் சரிவில் நிறுத்தினாலும் தானாக உருளாது, ஆனால் கையால் தள்ளவும் முடியாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும். எல்298 டிரைவர் வேண்டாம், அதில் இரண்டு வோல்ட்டுக்கும் மேல் வீணாகச் சூடாகப் போய்விடும், மாஸ்ஃபெட் டிரைவர் போடுங்கள். பேட்டரி 12.8 வோல்ட் 10 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது 128 வாட்-மணி. என் ரோபோ ஏறக்குறைய 55 வாட் எடுக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

பிளேடு விஷயத்தில் வேகமாகப் போக மாட்டேன்.

இரும்புத் தகட்டைக் கூர்தீட்டிப் பெரிய பிளேடாக மாட்டும் படங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வட்டத் தட்டின் ஓரத்தில் மூன்று சின்ன ரேஸர் பிளேடுகள், ஒவ்வொன்றும் ஒரே திருகில் தளர்வாக ஆடும்படி. சுற்றும்போது விசையால் வெளியே நீண்டு நிற்கும், கல்லில் பட்டால் பின்னால் மடங்கிவிடும். விற்பனைக்கு வரும் ரோபோக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. என் தட்டு பிளேடோடு சேர்த்து 22 செ.மீ., நிமிடத்துக்கு 3,000 சுற்று. முனையின் வேகத்தைக் கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 35 மீட்டர், மணிக்கு 125 கி.மீ. சின்ன பிளேடு என்பதால் இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. இந்த வேகத்தில் விரல் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

அதனால் உடலின் ஓரம் பிளேடின் முனையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும், குழந்தையின் கையோ காலோ அடியில் நுழைந்தாலும் பிளேடை எட்டக்கூடாது. மேல்மூடியை ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டு, யாராவது தூக்கினால் சுவிட்ச் திறக்கும்படி வைத்தேன். சாய்ந்தால் முடுக்கமானி சொல்லும், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் நிற்கும். இரண்டும் போதாது, பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று முதுகில் இருக்கிறது. அந்தப் பொத்தானும் தூக்கும் சுவிட்சும் நிரலிடம் சொல்லி நிறுத்துபவை அல்ல, பிளேடு மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவை நேரடியாகத் துண்டிப்பவை. ரோபோ புல்வெட்டிகளுக்கென்றே ஐஇசி 60335-2-107 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது, வீட்டில் கட்டுபவர்களும் அது எதையெல்லாம் கவலைப்படுகிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிரலை ஏன் நம்பக்கூடாது என்பதற்கும் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. ரோபோ எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் கைரோ சென்சார் ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பில் இணைந்திருக்கிறது. மோட்டார் இரைச்சலில் அந்தத் தொடர்பு ஒருநாள் நடுவழியில் தொங்கிவிட்டது, பதில் வரும்வரை காத்திருக்கிறேன் என்று நிரல் அங்கேயே நின்றுவிட்டது. நிரல் நின்றது, ஆனால் சக்கரத்துக்குக் கடைசியாகச் சொன்ன கட்டளை "முன்னே போ". அது போய்க்கொண்டே இருந்தது. கூடவே நடந்துகொண்டிருந்ததால் பொத்தானை அழுத்தினேன். அதன்பின், நிரல் தொங்கினால் அதைத் தானாக மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்கினேன், அது மட்டும் போதாது என்று இன்னொன்றும் செய்தேன்: ரிலே மூடியிருக்க வேண்டுமானால் நிரல் அர்டுயினோவின் ஒரு காலில் (பின்னில்) விடாமல் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துடிப்பு ஒரு கெபாசிட்டரை நிரப்பும், கெபாசிட்டர் ரிலேவைப் பிடித்துவைக்கும். நிரல் தொங்கினால், அந்தக் கால் உயர்ந்த நிலையில் உறைந்தாலும் தாழ்ந்த நிலையில் உறைந்தாலும், துடிப்பு நின்றுவிடும், ரிலே விழுந்துவிடும். நான்கைந்து சின்ன உறுப்புகளில் முடிகிற சுற்று, இந்த முழு ரோபோவிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, வழி கண்டுபிடிப்பது. எல்லை தெரிந்துவிட்டால், மிகச் சுலபமான முறை நேராகப் போய், கம்பி வந்ததும் ஏதாவது ஒரு கோணத்தில் திரும்பி, மறுபடி நேராகப் போவது. முட்டாள்தனமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் மரியாதை வரும். முழுத் தரையின் பரப்பளவுக்குச் சமமான அளவைத் தாறுமாறாக ஓடி வெட்டினால், உண்மையில் வெட்டப்படுவது ஏறக்குறைய 63 சதவீதம். இரண்டு மடங்கு ஓடினால் 86, மூன்று மடங்கு ஓடினால் 95. என் பிளேடு அகலத்துக்கும் வேகத்துக்கும் 200 சதுர மீட்டரை ஒருமுறை வெட்ட 50 நிமிடம் ஆகும், ஆக இரண்டரை மணி நேரத்தில் 95 சதவீதம். வாரத்தில் பல நாள் ஓடும் இயந்திரத்துக்கு இது தாராளம், விட்டுப்போன இடம் நாளைக்கு வெட்டப்படும். 1995-ல் ஹஸ்க்வர்னா கொண்டுவந்த சோலார் மோவர் தொடங்கி, எல்லைக் கம்பியோடு வந்த ரோபோக்கள் நிறைய இப்படித் தாறுமாறாக ஓடித்தான் தரையைப் பச்சையாக வைத்திருக்கின்றன.

குறுகலான சந்து இருந்தால் மட்டும் இது திணறும். இரண்டு தரைகளை இணைக்கும் ஒன்றரை மீட்டர் அகலச் சந்துக்குள் தற்செயலாக நுழைவது அபூர்வம், நுழைந்தாலும் பாதியில் திரும்பிவிடும். நான் அதற்குக் கம்பியையே வழிகாட்டியாக வைத்தேன்: அவ்வப்போது ரோபோ கம்பியை ஒட்டியே நடந்து அடுத்த பகுதிக்குப் போய், அங்கிருந்து ஆரம்பிக்கும்.

கோடு கோடாக வெட்டும் ஆசையும் வந்தது, யாருக்குத்தான் வராது. சக்கரத்தின் சுற்றை எண்ணும் என்கோடரும் கைரோவும் வைத்து முயன்றேன். என்கோடர் ஈரப்புல்லில் பொய் சொல்லும், சக்கரம் சறுக்கினாலும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். கைரோ காட்டும் திசை மெதுவாக நகரும். நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்ந்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று நினைத்தேன், ஆனால் 20 மீட்டர் கோட்டை ஓட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அடுத்த கோடு 1 டிகிரி பிழையோடு தொடங்கினால் அதன் முனையில் 35 செ.மீ. விலகல். என் பிளேடே 22 செ.மீ.தான். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கைரோவின் பூஜ்யத்தைப் புதிதாக அளந்துகொள்ளச் சொன்னதும் நிலைமை நன்றாகவே மேம்பட்டது, நேராக ஓட இப்போதும் கைரோவைத்தான் நம்புகிறேன். இடத்தைச் சொல்ல அதை நம்புவதில்லை. காந்தத் திசைகாட்டி வேண்டவே வேண்டாம், மோட்டாருக்குப் பக்கத்தில் வடக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கும்.

இடம் சொல்ல இப்போது எல்லோரும் போவது ஆர்டிகே ஜிபிஎஸ். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அதைவைத்துப் புல் வெட்ட முடியாது. ஆர்டிகேயில் அசையாத இடத்தில் ஒரு நிலையம் வைத்து, அது அனுப்பும் திருத்தத்தைக் கொண்டு ரோபோ தன் இடத்தைச் சென்டிமீட்டர் அளவில் அறியும். யூப்ளாக்ஸின் இசட்இடி-எஃப்9பி என்ற மாட்யூல்தான் வீட்டில் கட்டுபவர்களுக்கு இதை எட்டவைத்தது. ஓப்பன்மோவர் என்ற திட்டம், கடையில் கிடைக்கும் ரோபோவின் உடலை எடுத்து மூளையை மட்டும் மாற்றி, கம்பியே இல்லாமல் இதைக்கொண்டு அழகாகக் கோடு போடுகிறது. எல்லையை ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்தால் பலகோணமாகச் சேமித்துக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு கணமும் "இந்தப் புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா" என்ற கணக்குதான்.

நானும் கடன் வாங்கிய மாட்யூலை வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். திறந்த வெளியில் அதன் துல்லியம் உண்மையிலேயே மனதைத் தொட்டது, நேற்றுப் போன கோட்டின் மேலேயே இன்றும் போனது. சுவருக்கும் மரத்துக்கும் பக்கத்தில்தான் பிரச்சினை. செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், இலைகள் மறைக்கும், இடம் துல்லியமாகத் தெரியும் 'ஃபிக்ஸ்' நிலையிலிருந்து தோராயமாக மட்டும் தெரியும் 'ஃப்ளோட்' நிலைக்கு விழுந்து, சென்டிமீட்டர் என்பது அரை மீட்டர் ஆகிவிடும். எல்லை பெரும்பாலும் எங்கே இருக்கிறது? சுவர் ஓரத்தில், மர நிழலில். இன்னொன்று, ஆன்டெனா 40 செ.மீ. உயரத்தில் இருந்து ரோபோ 10 டிகிரி சாய்ந்தால் ஆன்டெனா மட்டும் 7 செ.மீ. நகர்ந்துவிடும், அதையும் சாய்வை அளந்து திருத்த வேண்டும்.

அதனால் என் முடிவு: ஆர்டிகே வழி சொல்லட்டும், எல்லையைக் கம்பி சொல்லட்டும். ஜிபிஎஸ் நீ உள்ளே இருக்கிறாய் என்று சொன்னாலும் கம்பி இல்லை என்றால் நிற்க வேண்டும். இது பழமையான யோசனை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள், நிலையின் தரத்தைச் சரியாகக் கவனித்து நிறுத்தினால் ஜிபிஎஸ் மட்டும் போதும் என்கிறார்கள், அவர்கள் தரை திறந்த வெளியில் இருந்தால் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். எனக்கு மரங்கள் இருக்கின்றன, மரங்களை வெட்டுவதாக இல்லை.

வீடு திரும்புவதும் கம்பியால்தான். பேட்டரி இறங்கியதும் கம்பியைத் தேடிப்போய், மூக்கின் இரு பக்கமும் உள்ள இரண்டு காயில்களில் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருக்கும்படி பிடித்து ஓட்டிக்கொண்டே வந்தால் சார்ஜ் செய்யும் இடத்தில் மூக்கு நேராக முட்டும். தினமும் ஒரே தடத்தில் போனதில் ஒரு மாதத்தில் புல் தேய்ந்து இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. இப்போது ஒவ்வொரு முறையும் கம்பியிலிருந்து வேறு வேறு தூரத்தில், பலத்தைப் பார்த்து, இணையாக வரச் சொல்லியிருக்கிறேன், கடைசி இரண்டு மீட்டரில் மட்டும் கம்பியைப் பிடிக்கும்.

முட்டல் உணர, எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்துப் பார்த்தேன், உயரமான புல்லையே சுவர் என்று நினைக்கிறது. கடைசியில் மிதக்கும் மூடியின் சுவிட்சுகளும் மோட்டார் எடுக்கும் மின்னோட்டமும்தான் நம்பகமாக இருக்கின்றன. மழைக்கு இரண்டு துருப்பிடிக்காத திருகுகளை மூடியின் மேல் வைத்து நடுவே நீர் விழுந்தால் கடத்துவதைப் பார்க்கிறேன், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வாரமும் ஓட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்கிறேன். ரோபோ தரையின் நடுவில், பிளேடு சுற்றியபடி ஓடிக்கொண்டிருக்கும்போது, பெட்டியிலிருந்து எல்லைக் கம்பியின் ஒரு முனையைப் பிடுங்குவேன். சக்கரம் நிற்கிறது. பிறகு ரிலே விழும் அந்தச் சின்ன 'டக்'. பிளேடு சத்தம் இறங்கி இறங்கி அடங்கும்வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டு, போய்ச் சாவியைத் திருப்புகிறேன். கிழிந்த குழாயின் துண்டு ஒன்று இன்னும் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.